வாடை பார்த்து உட்காருதல்

கோடியக்கரைக்குப் பறவைப் படம் எடுக்கப் போவதென்றால் எந்த மாதம் போகலாம் என்று கேட்கிற நண்பர்கள், மார்கழி என்றோ தை என்றோ ஒரே சொல்லில் விடை வந்துவிட்டால் அன்றைக்கே ரயில் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிடும் அவசரத்தோடுதான் கேட்கிறார்கள். விடை சொல்வதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் நம் சோழமண்டலக் கரையில் குளிர்காலம் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் பருவம் வடதேசத்துக் குளிர்காலம் போன்றதன்று. ஐப்பசி மழையோடு ஆர்ப்பாட்டமாகப் பிறந்து, கார்த்திகைப் புயல்களில் வளர்ந்து, மார்கழிப் பனியில் சற்றே சாந்தமடைந்து, மாசியில் வற்றத் தொடங்கி, பங்குனி வெயிலில் உப்பாக விளைந்து முடிகிற நீண்ட சரித்திரம் அது. ஆதலால் அதில் எந்தப் பகுதியைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்வது நியாயமாகாது.

பறவைகள் என்னவோ நம் பஞ்சாங்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. வடதுருவத்தை அடுத்த சைபீரியத் தூந்திரப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்து முடித்த உள்ளான்களில் முந்திக்கொண்டவை, அங்கே பூண்ட செந்நிறம் முழுவதும் கலையாத மார்போடு, ஆவணியிலேயே நம் உப்பளங்களில் வந்து இறங்கிவிடுகின்றன. அவை வந்து சேர்ந்து, இளைப்பாறி, இரைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொள்கிறது. காவிரிக் கிளையாறுகளின் வடிகால் வெள்ளமும் வானத்து மழையும் சேர்ந்து சதுப்பை நிரப்பியபின், கட்டைவிரல் நீளங்கூட இல்லாத காலை வைத்துக்கொண்டு கொசு உள்ளான் எங்கே நிற்க முடியும்? உப்பள வரப்புகளுக்கும் மேட்டு விளிம்புகளுக்கும் அவை சிதறிவிடுகின்றன. ஊசிவால் வாத்துக்கும் தட்டைவாயனுக்கும் அந்த வெள்ளம் கொண்டாட்டந்தான். ஆனால் அவை கண்ணுக்கெட்டாத நடுநீரில் கரும்புள்ளிகளாக மிதந்துகொண்டிருக்கும். கார்த்திகையில் போய் இறங்கும் புதியவர், வானமும் நீரும் ஒரே சாம்பல் வர்ணத்தில் கலந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, கோடியக்கரையில் பறவையே இல்லை என்று ஊருக்குத் திரும்பிப் பிரசங்கம் செய்வார். அவர் சொல்வதிலும் பொய்யில்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான். நீர் முழங்காலுக்கும் கணுக்காலுக்குமாக வடிந்துவரும் மார்கழி பிற்பகுதியிலிருந்து மாசி முடிய உள்ள காலந்தான் காமிராக்காரனுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். வடக்கேயிருந்து ஏறக்குறைய நேராகத் தெற்கு நோக்கி இறங்கிவரும் கடற்கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், ஏதோ நினைத்துக்கொண்டாற்போல் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் முனைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, உள்ளே வெளிமான்கள் மேயும் புல்வெளியும் வெயிலுக்கு அஞ்சாத பசுமைமாறாக் காடும், அதற்கப்பால் வேதாரண்யம் சதுப்பு என்று வழங்கும் விசாலமான களிமண் வெளி, அந்த வெளி மேற்கே போய் முடிகிற இடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று, ஒரு நாள் பிரயாணத்துக்குள் இத்தனை விதமான நிலங்கள் அடுத்தடுத்து அமைந்த ஸ்தலம் நம் கடற்கரையில் வேறு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல், ஏறக்குறைய 38,500 ஹெக்டேர் பரப்போடு, தமிழகத்திலிருந்து முதலாவதாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கல்கியின் நாவலைப் படித்துவிட்டுப் பூங்குழலியின் கலங்கரை விளக்கத்தைத் தேடிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சோழர் காலத்தது என்று காட்டப்பட்டுவந்த அந்தச் செங்கல் கட்டடத்தின் மிச்சமும் 2004 சுனாமியில் சரிந்துபோயிற்று என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்த ஊர்ப் பக்கத்துச் சரித்திரத்தில் படமெடுப்பவனுக்கு நேரடியாகப் பிரயோஜனப்படுவது உப்புத்தான். 1930 ஏப்ரலில் ராஜாஜி தம் தொண்டர் படையோடு திருச்சியிலிருந்து நடந்துவந்து சட்டத்தை மீறி உப்பு அள்ளினாரே, அந்த வேதாரண்யத்து உப்பளங்கள்தாம் பறவைகளுக்கும் நமக்கும் நடுவே தூது நடத்துபவை. கடல்நீரைத் தேக்கி வைக்கும் பெரும் பாத்திகள் ஆழம் அதிகமில்லாமல் ஒரே சீராக இருக்கும். அவற்றில் பெருகும் நுண்ணுயிர்களை நாடிப் பூநாரையும் உள்ளானும் வரும். பாத்திகளைப் பிரிக்கும் வரப்புகளோ, சதுப்பில் கால் புதையாமல் மனிதன் போய் உட்காரக்கூடிய ஒரே உறுதியான நிலம். வனத்துறையின் அனுமதியையும் அளத்துக்காரர்களின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டுதான் போகவேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்; வாயிற்படியில் நின்று வாதாடுவதில் விடியற்கால வெளிச்சம் வீணாகிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வனவிலங்குப் படக்கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். காற்றைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காடாக இருந்தால் அது போதும். மரமில்லாத, மறைவில்லாத, கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான இந்தச் சதுப்பில், நம் காரியத்தை முக்கால் பங்கு தீர்மானிப்பது காற்றே. நிற்கிற பறவை காற்றுக்கு எதிர்முகமாகவே நிற்கும். முதுகுப் பக்கமாகக் காற்று அடித்தால் இறகுகள் கலைந்து உடம்பின் சூடு போய்விடும். இறங்குகிற பறவையும் எழும்புகிற பறவையும் காற்றை எதிர்த்தே இறங்கும், எழும்பும். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் குளிர்காலக் காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. சூரியனோ தென்கிழக்குப் பக்கமாக ஒதுங்கி உதித்துத் தென்மேற்கில் போய் விழுகிற காலம் அது. காலையில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பறவைக்குக் கிழக்கே நீங்கள் அமர்ந்தால், வடகிழக்கை நோக்கி நிற்கும் பறவை தன் பக்கவாட்டு முழுவதையும், அதோடு முகத்தில் ஒரு பங்கையும் உங்களுக்குக் காட்டும். அதே பறவைக்கு மேற்கே மாலையில் போய் அமர்ந்தீர்களானால், பொன்போன்ற வெளிச்சத்தில் அது உங்களுக்குக் காட்டுவது முதுகும் வாலுமே. மாலை வெளிச்சம் அழகானது என்று எல்லோரும் சொல்வது வாஸ்தவந்தான். ஆனால் தை மாதத்துக் கோடியக்கரையில் அந்த அழகெல்லாம் பறவையின் பின்புறத்தில் போய் விழுகிறது. பங்குனி பிறந்து, நாகைக் கடற்கரை மீனவர்கள் சோழகம் என்று சொல்லும் தென்காற்று எடுத்தபிறகு இந்தக் கணக்கு மாறும். அப்போது மாலையும் உபயோகமாகும்.

காற்றின் காரியம் இதோடு முடிவதில்லை. இந்தப் பக்கத்தில் கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு. ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சதுப்புக்குள்ளே நீரை இங்குமங்கும் நகர்த்துவது சந்திரனைவிடக் காற்றுத்தான். வாடை பலமாக வீசும் நாளில் நீர் முழுவதும் தென்மேற்கே ஒதுங்கி, வடகிழக்கு ஓரத்தில் புதுச்சேறு வெளிப்படும். வாடை தணிந்தால் ஒதுங்கிய நீர் மெல்லத் திரும்பிவரும். பறவைகள் இந்த நீர்விளிம்பையே பற்றிக்கொண்டு நகரும். நீர் அப்போதுதான் விட்டுப்போன சேற்றில் புழுவும் நண்டுக்குஞ்சும் மேலாகவே கிடக்கும். காய்ந்துவிட்டால் அவை ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆதலால் விளிம்பைத் தவறவிடுவது உணவைத் தவறவிடுவதாகும்.

இதையெல்லாம் எனக்கு எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை. வரப்பில் மண்வெட்டியோடு உடைப்பு அடைத்துக்கொண்டிருந்த முதிய அளத்தொழிலாளி ஒருவரிடம், "பெரியவரே, அந்தக் கூட்டத்துக்குக் கிட்டப் போக வழி ஏதும் உண்டா?" என்று கேட்டேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, நான் காட்டிய கூட்டத்தைப் பார்க்காமல் நீரைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு சார் போறீங்க? போனா எந்திரிச்சிடும். இப்ப வாடை எறங்குது பாருங்க. செத்த நாழில தண்ணி இங்குட்டு வரும். தண்ணி வந்தா அதுங்களும் வரும். அந்தக் கரைக்கு இந்தாண்ட குந்திக்கிட்டு இருங்க. எந்திரிக்கக் கூடாது, ஆமா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது தண்ணியைத்தான் கேக்கணும்."

அவர் சொன்ன இடத்தில் அமர்ந்தேன். நீர் வந்தது, நீருக்கு முன்னால் உள்ளான்கள் வந்தன. அன்றைய தினத்திலிருந்து, தூரத்தைக் குறைக்கிற வேலை படமெடுப்பவனுடையதன்று, பறவையினுடையது என்பதையே என் தொழிற்சாஸ்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் வேலை, பறவை எங்கே வரப்போகிறது என்று அனுமானித்து, அது வருமுன்னே அங்கே போய், இருக்கிற அடையாளம் தெரியாமல் இருந்துவிடுவதே.

இது வெறும் தந்திரமன்று. இதில் ஒரு தர்மமும் இருக்கிறது. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய இருபத்தைந்து கிராம். அந்தச் சிறு உடம்பை வைத்துக்கொண்டுதான் அது இமயத்தையும் பாலைகளையும் கடந்து வந்திருக்கிறது. சித்திரைக்குள் திரும்பவும் அவ்வளவு தூரம் போயாக வேண்டும். அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான், விடிந்ததிலிருந்து இருட்டும்வரையிலும், நிலாக்காலத்தில் இரவிலுங்கூட, கொத்திக் கொத்திச் சேர்த்தாக வேண்டும். காமிராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி, ஆயிரம் பறவைகளை ஒரே சமயத்தில் எழுப்பிவிடும்போது, அந்த ஆயிரம் சேமிப்புகளிலிருந்தும் ஒவ்வொரு துளி செலவாகிறது. அவர் போனபின் இன்னொருவர் வருகிறார். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தில் ஒருவர் கைதட்ட மற்றவர்கள் எடுப்பதை நானே கண்டிருக்கிறேன். இப்போது அந்தக் கைதட்டும் வேலையையும் ஆளில்லாத விமானம் எடுத்துக்கொண்டுவிட்டது. செம்பருந்து ஒன்று தாழப் பறந்தால், அல்லது நரி ஒன்று வரப்பில் நடந்தால், கூட்டம் தானாகவே எழும்பும். காத்திருக்கிறவனுக்கு அந்தப் படமும் கிடைக்கும். அப்படி எழும்பிய படத்தில் பறவைகள் பருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கைதட்டி எழுப்பிய படத்தில் எல்லாப் பறவையும் காமிராவுக்கு எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வித்தியாசம் ஒளியாது.

பூநாரையைப் பற்றிச் சொல்லாமல் கோடியக்கரையைப் பற்றி எழுதினால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். கட்சுப் பாலையின் உப்புவெளியில் கூடுகட்டிப் பெருகும் இந்தப் பறவை, நீண்டு உயர்ந்த கால்களின் மீது நின்றுகொண்டு, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலலகு கீழாகவும் கீழலகு மேலாகவும் நீரில் அமிழ்த்தி, தடித்த நாக்கை முன்னும் பின்னும் இயக்கிச் சேற்றுநீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள சல்லடையில் தங்குவதை மட்டும் விழுங்கி வாழ்கிறது. அதன் செம்மை பிறவியில் வந்ததன்று. தின்னும் பாசியிலிருந்தும் சிற்றிறாலிலிருந்தும் ஏறுவது. அதனால்தான் இளம்பறவைகள் சாம்பலாகத் தெரிகின்றன. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு விசேஷம் தெரியும். சில வேளைகளில் பறவை முன்னேறி நடக்காமல், தலையை நடுவில் நிறுத்தி, கால்களால் சேற்றைத் துவைத்துக்கொண்டே அதைச் சுற்றி வட்டமாக வரும். கலங்கிய நீரில் கிளம்பும் சிற்றுயிர்களை நடுவிலிருக்கும் அலகு வாங்கிக்கொள்ளும். அந்தத் துவைப்பில் சேறு ஒதுங்கி, நடுவில் மேடும் சுற்றிலும் பள்ளமுமாக ஒரு வளையம் உண்டாகிறது. மாசியில் நீர் வடிந்தபின் வரப்பின் மேல் நின்று பார்த்தால், பாத்தி முழுவதும் இந்த வளையங்கள் நெருங்கிக் கிடக்கும். பறவையே இல்லாத அந்தச் சேற்று வெளியை எடுத்த படம், என்னிடமுள்ள பூநாரைப் படங்களில் பலவற்றைவிட அந்தப் பறவையின் வாழ்க்கையை அதிகமாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். இதை ஏற்றுக்கொண்ட நண்பர் எவரும் இல்லை.

வெண்ணிறப் பறவைகளில் காமிரா செய்யும் குளறுபடி ஒன்றைப் புதியவர்களுக்காகச் சொல்ல வேண்டும். காமிராவின் ஒளிமானி, எதிரில் இருப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பலாக்கிப் பார்க்கவே விரும்பும். கரிய சேற்று நீரில் தனித்து நிற்கும் வெண்கொக்கை எடுக்கும்போது, கருமையைச் சாம்பலாக்கும் ஆர்வத்தில் கொக்கை வெளுத்து, இறகின் ரேகைகளையே அழித்துவிடும்; அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். வெளிறிய வானத்தின் எதிரே பறக்கும் ஆலாவை எடுக்கும்போது நேர்மாறாகப் பறவையை இருட்டாக்கிவிடும். அங்கே கூட்ட வேண்டும். ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் சந்தேகம் தீரும்.

உட்காரும் விதத்துக்கு வருவோம். நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்குப் பின்னணியாக அமைவது அதற்கு இரண்டடி அப்பாலுள்ள சேறு. அந்தச் சேற்றின் ஒவ்வொரு கட்டியும் கூர்மையாக வந்து பறவையோடு போட்டியிடும். குப்புறப் படுத்து, லென்ஸை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்து எடுத்தால், பின்னணி அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் போய், ஒரே மெல்லிய வர்ணமாகக் கரைந்துவிடும். பறவை தன் கண்ணின் உயரத்தில் உங்களைச் சந்திக்கும். நீரில் அதன் பிரதிபிம்பமும் குறையாமல் வரும். மூன்றுகால் தாங்கி இதற்கு உதவாது. அரிசியோ பயறோ நிரப்பித் தைத்த துணிப்பையைப் பழைய அலுமினியத் தட்டில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திச் சேற்றில் தள்ளிக்கொண்டு போகலாம். உடம்பு முழுவதும் சேறாகும். அதைப் பற்றி விசாரப்படுகிறவர்கள் வேடந்தாங்கலுக்குப் போகலாம். அங்கே கரையின் மேல் சௌகரியமாக நின்றுகொண்டே எடுக்கலாம். 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கித் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்தவர்கள் அந்த ஊர் ஜனங்கள். அவர்கள் ஏரியைப் பற்றி வேறொரு சமயம் சாவகாசமாக எழுதுகிறேன்.

சிறு கரைப்பறவைகளை அடையாளம் காண்பதில் மனம் சலிக்கிறவர்களுக்கு ஒரு யுக்தி: முதலில் நிறத்தைப் பார்க்காமல் நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு க்ஷணம் உற்றுப் பார்க்கும், குனிந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடும். அது கண்ணால் வேட்டையாடுவது; ஆதலால் பெரிய கண். உள்ளான் இனங்கள் பெரும்பாலும் நிற்காமல் நடந்துகொண்டே மூக்கைச் சேற்றில் செலுத்தித் தொட்டுணர்ந்து எடுக்கும். உப்புக்கொத்தி நிற்கும் அந்த ஒரு க்ஷணத்தை எதிர்பார்த்திருந்தால் ஷட்டர் வேகம் குறைவான மங்கலிலும் தெளிவான படம் கிடைக்கும். கொசு உள்ளானிடம் அந்தத் தயவு கிடையாது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் இருந்தால்தான் அதன் மூக்கு மூக்காக வரும். பவளக்காலியின் காவல் வேலையையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆபத்தென்று கண்டால் முதலில் கூவி மற்றவற்றையெல்லாம் எழுப்பிவிடுவது அது. ஆகவே நான் எப்போதும் பவளக்காலியின் நிலையைப் பார்த்துக்கொண்டே மற்றப் பறவைகளை எடுப்பேன். அது தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் நான் அசைவதை நிறுத்திவிடுவேன்.

வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஈரச் சேற்றிலிருந்தும் உப்பிலிருந்தும் கிளம்பும் கானல், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் அதன் கூர்மையைப் பறித்துவிடும். காமிராவில் கோளாறு என்று கடைக்காரரிடம் கொண்டுபோகிறவர்கள் பலரும் எடுத்துவந்திருப்பது கானலின் படமே. அந்த நேரத்தில் காட்டுப்பக்கம் போகலாம். ராமர் பாதத்து மேட்டில் ஏறினால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும். வெளிமான் கலைகள் முறுக்கிய கொம்போடு ஒன்றையொன்று துரத்துவதைப் புல்வெளியில் பார்க்கலாம்; யாரோ எப்போதோ விட்டுப்போனவற்றின் சந்ததியான மட்டக்குதிரைகள் அவற்றோடு சேர்ந்து மேயும். 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப் போட்டுவிட்டது. மான்களும் குதிரைகளும் மாண்டன. அதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒரே இடத்தினுடையவை என்று சொன்னால் நம்புவது கடினம்.

முத்துப்பேட்டைக்கு ஜாம்புவானோடையிலிருந்து படகில் போக வேண்டும். அலையாத்தி மரங்களைச் சுற்றிலும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களும், வேர்களுக்கிடையில் துடுப்பை ஊன்றித் தாவும் சேற்று மீன்களும் படத்துக்கு நல்ல விஷயங்கள். ஆனால் அசையும் படகிலிருந்து எடுப்பது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியூன்றிச் செல்லச் சம்மதித்தால் மட்டும் போவேன்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்புக்காற்று காமிராவுக்குப் பரம விரோதி. ஒவ்வொரு நாளும் மாலையில், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேற்புறத்தைத் துடைத்து உலரவிட வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூளே அரமாக அறுத்துவிடும். ஏ.சி. அறையிலிருந்து விடியற்கால ஈரக்காற்றுக்குள் லென்ஸைத் திடீரென்று வெளியே எடுத்தால் கண்ணாடி முழுவதும் வேர்த்துவிடும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுப்பது உத்தமம்.

கருவிகளைப் பற்றிய பேச்சில் ம. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரரான அவர் 1912 முதல் 1996 வரை வாழ்ந்து, கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் ஆயுள் முடியும்வரையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதி, தமிழிலும் எழுதி, வெவ்வேறு காமிராக்களின் உறுப்புக்களைத் தம் கையாலேயே இணைத்துச் செய்துகொண்ட விசித்திரமான கருவியால் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். அவருடைய படங்களில் விலங்கு தன் இருப்பிடத்தோடு சேர்ந்தே இருக்கும். இன்றைய வழக்கமோ பறவையின் ஒவ்வொரு இறகையும் எண்ணும்படி சட்டம் முழுவதும் அதையே நிரப்பி, சேற்றையும் நீரையும் அப்புறப்படுத்தி, கணினியில் செம்மையை இரட்டிப்பாக்கிப் பூநாரையைப் பஞ்சுமிட்டாய் ஆக்கிவிடுவது. சதுப்பு நிலத்துப் பறவையிடமிருந்து சதுப்பை எடுத்துவிட்டால், அது எந்த ஊரில் எந்தப் பருவத்தில் நின்றது என்று யாரால் சொல்ல முடியும்? படத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு பறவைக்குப் போதும் என்பது என் கட்சி. வெளியிடும் இடங்களில் இந்தக் கட்சிக்கு ஆதரவு குறைவு.

பங்குனியில் யாரும் வருவதில்லை. வெயில் தாளாது என்பார்கள். நானோ அந்த மாதத்தை விடமாட்டேன். மாசி முழுவதும் சாம்பலும் வெளுப்புமாக, இது எது அது எது என்று மயக்கிக்கொண்டிருந்த உள்ளான்களின் முதுகிலும் மார்பிலும், ஒன்றிரண்டு இறகாகச் செம்மண் நிறம் ஏறத் தொடங்கும். மூக்கு சற்றே கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான் இனம், சித்திரைக்குள் கழுத்திலிருந்து வயிறு வரையில் செங்கல் நிறமாகவே மாறிவிடும். லடாக்கையும் திபெத்தையும் தாயகமாகக் கொண்ட கடற்காகங்கள், குளிர்காலம் முழுவதும் காதருகே ஒரு கறுப்புப் புள்ளியோடு திரிந்தவை, தலை முழுவதும் பழுப்புக் குல்லாய் தரித்துக்கொள்ளும். உடம்பும் கண்ணுக்குத் தெரியும்படி உருண்டிருக்கும். சேர்த்த கொழுப்பெல்லாம் அங்கே இருக்கிறது. அளங்களில் உப்பு வாரும் வேலை மும்முரமாகிவிட்டபடியால் பறவைகள் ஒதுக்குப்புறமான பாத்திகளில் நெருங்கி நிற்கும்; எடுப்பதற்கு எளிது.

அந்த மாதத்தில் இன்னொரு காரியமும் உண்டு. சலீம் அலியின் காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்துவருகிறார்கள். பீகார்ப் பக்கத்திலிருந்து வந்த மீர்ஷிகார்கள் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போரின் கைத்திறன் அந்த ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாக இருந்தது. இப்போது உலோக வளையத்தோடு, தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய எழுத்துப் பொறித்த வர்ணப் பட்டைகளையும் பல தேசத்தவர் இடுகிறார்கள். பறவையை மறுபடி பிடிக்காமலே, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது எங்கே எந்த வருஷம் வளையமிடப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நம்மவர்கள் எடுக்கும் படங்களில் கண் துல்லியமாக இருக்கிறது, மூக்கில் ஒட்டிய சேறு துல்லியமாக இருக்கிறது, கால் மட்டும் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. அழகுக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கால்கள் முழுவதும் தெரியும்படி சில படங்களையும் எடுத்து, வளையமோ பட்டையோ தென்பட்டால் தேதியையும் இடத்தையும் குறித்து அந்தச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். நீரிலும் சேற்றிலும் மேயும்போது கால் மறைந்துகொள்ளும்; வயிறு நிறைந்தபின் பறவைகள் வரப்போரத்து உலர்ந்த மேட்டில் ஏறி, இறகு கோதி, ஒற்றைக்காலில் உறங்கப்போகுமுன் இரண்டு காலையும் ஊன்றிச் சற்று நிற்கும். பங்குனியில் காலை எட்டு மணிக்குள் அது நடந்துவிடும். கானல் எழும்ப அதற்குப் பின்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கும்.